ஜெரினாவைத் திருச்சிக்கு அனுப்பமாட்டேன்

செக்காலை, காரைக்குடி
செவ்வாய்க்கிழமை

இயேசுவுக்கே புகழ்.

அன்புள்ள ஷீலாவுக்கு வளன் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. நீ சுகமாக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் மாற்றமில்லை.

தினமும் நாலு தடவை வீடியோவில் பார்க்கிற மனுஷன் காகிதத்தில் எழுதுகிறானே, புத்தி கித்தி கெட்டுப்போச்சா என்று நினைப்பாய். வேறு வழி? போன் பூராவும் நம் பிள்ளை ஜெரினா கையில்தான். உனக்கு நான் அனுப்புகிற மெசேஜை அவள் படித்த பிறகுதான் உனக்கே வருகிறது. வீடியோவில் பேசலாம் என்றால் வயிற்றுக் குழாயைப் பிடித்துக்கொண்டு அவள்தான் நடுவில் உட்கார்ந்திருக்கிறாள். தனியாகக் கூப்பிட்டால் நீ டூட்டியில் இருக்கிறாய். கீழச்சிவல்பட்டி மெய்யநாதன் லீவு முடிந்து வியாழக்கிழமை மஸ்கட் திரும்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். வெள்ளிக்கிழமை உன்னிடம் சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைக்குள் நீ இதைப் படித்தே ஆக வேண்டும்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஞாயிறு பூசை முடிந்ததும் உன் அண்ணன் அருண் ஜோசப் காரோடு வந்து ஜெரினாவைத் திருச்சிக்குக் கூட்டிப்போவதாக நீங்கள் இரண்டு பேரும் பேசி முடித்திருக்கிறீர்கள். நான் அனுப்பமாட்டேன். போன வாரம் சரி என்று தலையை ஆட்டினேன், இல்லை என்று சொல்லவில்லை. இப்போது ஆட்டமாட்டேன். ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன்னால் எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல் இருக்கிறது, அதைக் கொட்டிவிடுகிறேன்.

நீ நர்ஸ், நான் டிரைவர். ஒத்துக்கொள்கிறேன். கிட்னி இரண்டும் சுருங்கிப்போன பிள்ளைக்கு வயிற்றில் மருந்துத் தண்ணீரை ஏற்றுவதும், ஊறிக் கிடந்த தண்ணீரை வடிப்பதும் ஸ்டியரிங் பிடித்த கைக்குப் பழக்கமில்லாத வேலைதான். ஆனால் இரண்டு வருஷமாகச் செய்கிறேனே ஷீலா. இன்னுமா நான் எல்-போர்டு? ஜன்னல் கம்பியில் போனைக் கட்டிவைத்த நிமிஷத்திலிருந்து ஆரம்பிக்கிறாய். மாஸ்க் கீழே இறங்கிருச்சு பாருங்க, முழங்கை வரைக்கும் கழுவுனீகளா, மூடியத் தொட்டுட்டீகளா என்று. அன்றைக்கு ஒருநாள் ஃபேன் ஓடுகிறது, நிறுத்துங்கள் என்று கத்தினாய். இங்கே ஃபேனும் ஓடவில்லை, கரண்டே இல்லை. நீ கேட்டது உன் ரூம் ஏசிச் சத்தம். சித்திரை வெயிலில் கதவு ஜன்னல் எல்லாம் சாத்தி, சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கிறேன், நீ ஏசியில் இருந்துகொண்டு ஃபேனை நிறுத்தச் சொல்கிறாய். ஜெரினா சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீடு வீடாக இல்லை. ஹால் பூராவும் மருந்துத் தண்ணீர்ப் பை அடைத்த அட்டைப்பெட்டிகள். வந்தவர்கள் அதன் மேல்தான் உட்கார வேண்டும், அதனால் வருவதையே நிறுத்திவிட்டார்கள். வீட்டுக்கார மீனாள் ஆச்சிக்கு நல்ல மனசு, ஆனால் சொன்னால் புரியவில்லை. தோப்பிலிருந்து இளநீர் வந்தால் முதல் காய் ஜெரினாவுக்குத்தான் என்று சீவிக்கொண்டு வந்து நிற்கிறார்கள். இளநீர் இந்தப் பிள்ளைக்கு ஆகாது ஆச்சி, அதிலிருக்கிற சத்தே இவள் நெஞ்சை நிறுத்திவிடும் என்றால், இளநி குடிச்சுச் செத்தவுக யாரு இருக்காக என்று கேட்கிறார்கள். வாங்கி, கதவுக்குப் பின்னால் நின்று நானே குடித்துவிடுகிறேன், ஜெரினா கண்ணில் படாமல். அளந்து தண்ணீர் குடிக்கிற பிள்ளை முன்னால் ஒரு சொம்புத் தண்ணீரைத் தூக்கிக் குடிக்க எனக்கு மனசு வருவதில்லை.

மதியம் பை மாற்ற, பள்ளிக்கூடத்திலிருந்து நான்தான் பைக்கில் போய்க் கூட்டி வருகிறேன். திரும்பக் கொண்டுபோய் விடும்போது ஒரு பாடம் முடிந்திருக்கும். வயிற்றில் தண்ணீர் கிடப்பதால் பாவாடை இறுக்குகிறது, தையலைப் பிரித்துவிட்டேன். கூடப் படிக்கிறதுகள் தொப்பை என்று கூப்பிடுகிறதுகளாம். இவளும் சும்மா இல்லை, எனக்காவது தண்ணி, உனக்கு மூளையிலயே கொழுப்பு என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். உன் வாய்.

என் பிழைப்பைச் சொல்ல வேண்டாம். கானாடுகாத்தான் பெரிய வீட்டுக்கு வருகிற வெள்ளைக்காரர்களைக் காலையில் ஏற்றினால் பொழுது சாய இறக்குகிற வேலை அது. நடுவில் வீட்டுக்குப் போய்ப் பை மாற்றிவிட்டு வருகிறேன் என்றால் யார் காத்திருப்பார்கள்? இப்போது ரயிலடிக்குப் போய்வருகிற சவாரி மட்டும்தான். தேவகோட்டையில் என் சித்தப்பா மகன் கல்யாணத்துக்குப் போகவில்லை. பொண்டாட்டி சம்பாதிக்கிறா, இவன் ஹாயா வீட்டுல இருக்கான் என்று அங்கே பேசியிருக்கிறார்கள். சுருக்கென்றுதான் இருந்தது. ஹாயா என்று சொன்னவனை ஒருநாள் இங்கே கொண்டுவந்து உட்காரவைக்க வேண்டும்.

சரி, காய்ச்சலுக்கு வருகிறேன்.

போன மாதம் காலைப் பையில் வடிந்த தண்ணீர் சோறு வடித்த கஞ்சி மாதிரிக் கலங்கி வந்ததே, அன்றைக்கு நான் பட்டது உனக்குத் தெரியாது. உடம்பு காய்ச்சலில் கொதிக்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாள். மதுரைக்குப் போய்ச் சேருகிற வரைக்கும் பின் சீட்டில் அப்பா அப்பா என்று முனகிக்கொண்டே வந்தாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் வண்டி ஓட்டியிருக்க முடியாது. வயிற்றுக்குள் கிருமி போய்விட்டது என்றார் டாக்டர். வீட்டில் யார் பை மாற்றுகிறது என்று கேட்டார். நான் என்றேன். அவ்வளவுதான். சின்னத்தாயி சிஸ்டர் என்னை வாஷ்பேசின் முன்னால் நிற்கவைத்து, அத்தனை பேர் பார்க்க, கை கழுவக் கற்றுக்கொடுத்தார்கள், ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்குச் சொல்வது போல. இன்னொரு தடவை இப்படி வந்தால் குழாயையே எடுக்க வேண்டியிருக்கும், அப்புறம் வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரி மெஷினில் ஊசி குத்தித்தான் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும் என்றும் சொன்னார்கள்.

நீ போனில் அழுதாய். அடுத்த நாள் பேசவில்லை. அதற்கடுத்த நாள், உங்க கையில பிள்ளைய விட்டதுதான் நான் செஞ்ச தப்பு என்றாய். ஷீலா, அதை நான் மறக்கமாட்டேன். ஆனால் அன்றைக்கு எனக்கே சந்தேகம். எந்த நேரம் கை பட்டதோ, எந்த மூடியைத் தொட்டேனோ என்று என் கையை நானே பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் திருச்சிக்குத் தலையாட்டினேன்.

நேற்று அவள் துணிமணிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். கோயிலில் முதன்முதலாகப் புதுநன்மை வாங்கினபோது எடுத்த வெள்ளைக் கவுனின் மடிப்பில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் குப்பி. மேலே மாதா படம். மந்திரித்த எண்ணெய். பாதி காலி. இது ஏது என்றேன். தலைக்கு என்றாள். பொய் சொன்னால் அவள் காது சிவந்துவிடும், உனக்குத் தெரியும். அதட்டவில்லை, பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளே சொன்னாள்.

நீ தையில் லீவுக்கு வந்தபோது கொடுத்தாயாம். தினமும் குளித்துவிட்டு, குழாய் வெளியே வருகிற இடத்தைச் சுற்றி ஒரு சொட்டுத் தடவி, ஒரு அருள் நிறைந்த மரியே செபம் சொல்லச் சொன்னாயாம். அப்பாவுக்குத் தெரிந்தால் ஏசுவார், சொல்லாதே என்றாயாம்.

அந்த இடத்தில் டாக்டர் எழுதிக்கொடுத்ததைத் தவிர வேறெதையும் தொடவிடக் கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதானே? உன் வார்டில் ஒரு நோயாளியின் குழாயில் யாராவது இப்படி எண்ணெயோடு கையை வைத்தால் அவளை நீ உயிரோடு விடுவாயா? என் மாஸ்க் அரை அங்குலம் இறங்கினால் கடல் தாண்டிக் கத்துகிறாயே, உன் மகளிடம் எண்ணெய்க் குப்பியைக் கொடுத்தபோது அந்த நர்ஸ் எங்கே போனாள்? எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. குப்பியை உடைக்கலாம் என்று கையை ஓங்கினேன். மாதா படம் இருந்தது, ஆச்சி வீட்டுச் செடிக்குக் கீழே ஊற்றிவிட்டு வந்தேன்.

எண்ணெய்தான் காரணம் என்று யாரும் அடித்துச் சொல்லவில்லை. சின்னத்தாயி சிஸ்டருக்குப் போன் செய்தேன், மறைக்கக் கூடாதில்லையா? எண்ணெயாகவும் இருக்கலாம், கையாகவும் இருக்கலாம், இப்போ சொல்ல முடியாது, உடனே கூட்டி வாங்க, குழாய் இடத்தைப் பார்க்கணும் என்றார்கள். நாளைக்குப் போகிறோம். யார் தடவினது என்று கேட்டார்கள். நான்தான் என்றேன். ஏற்கனவே வாங்கின திட்டோடு இதுவும் சேரட்டும். அம்மா நர்ஸ் என்று அவர்களுக்குத் தெரியும், உன்னை அங்கே யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது.

ஆனால் நான் ராத்திரியெல்லாம் புரண்டது இதற்காக இல்லை. ஜெரினா இன்னொன்று சொன்னாள். பரீட்சை நேரத்தில் இரண்டு நாள் அவசரத்தில் மரியே சொல்லாமல் எண்ணெயை மட்டும் தடவிவிட்டாளாம். அதனால்தான் மாதா கோபித்துக்கொண்டு காய்ச்சல் வந்ததாம். தன்னால்தான் அப்பா ஆஸ்பத்திரியில் திட்டு வாங்கினார், தன்னால்தான் அம்மா அழுதாள் என்று ஒரு மாதமாக இந்தப் பிள்ளை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறாள். பதினோரு வயது ஷீலா. வயிற்றில் சுமக்கிறது போதாதா?

அப்படியெல்லாம் இல்லை கண்ணு, மாதா அப்படிக் கோபிக்கமாட்டா என்று சொல்லிப் பார்த்தேன். பங்குச் சாமியாரிடம் கேட்போம் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டாள், நம்பவில்லை. திருச்சிக்குப் போக வேண்டாம் என்று நான் சொன்னதற்கு, இல்லப்பா, நான் போறேன், நான் போயிட்டா அம்மா உங்கள ஏச மாட்டாங்க, நீங்களும் அம்மாகிட்ட எண்ணெயப் பத்திக் கேக்க மாட்டீங்க என்றாள். மாமா வீட்டில் யார் பை மாற்றுவார்கள் என்றேன். அத்தை கத்துக்குவாங்க, இல்லாட்டி நானே மாத்திக்குவேன் என்று சொல்லிவிட்டு, மீதித் துணியை அவளே மடித்து வைத்தாள்.

உன் அண்ணனை நான் தடுத்துவிடுவேன். மச்சான் வரட்டும், மீன்குழம்பு வைத்துச் சாப்பாடு போடுகிறேன், வெறுங்கையோடு திருப்பி அனுப்புகிறேன். அவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். ஆனால் இவள் தானாகவே பையைத் தூக்கிக்கொண்டு காரில் ஏறினால் நான் என்ன செய்வேன்? கையைப் பிடித்து இழுக்கவா?

நீ பயந்துபோய்த்தான் அதைக் கொடுத்திருப்பாய் என்று எனக்குத் தெரியாதா? அங்கே தனியாகக் கிடந்து, தொட முடியாத தூரத்தில் பிள்ளையை வைத்துக்கொண்டு, நர்ஸாக இருந்து தெரிந்துகொண்டதெல்லாம் உனக்கு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்திருக்கும். நானும் பூசையில் முழங்காலில் நின்று என்னென்னவோ கேட்கிறவன்தான். அதற்காக உன்மேல் கோபம் போய்விட்டது என்று எழுதமாட்டேன். போகவில்லை. நீ வந்து நேரில் நின்றால் சண்டைதான் போடுவேன். அந்தச் சண்டையையாவது போட எனக்கு ஒரு ஆள் வேண்டும் ஷீலா.

இந்தக் கடிதம் கிடைத்ததும் ஜெரினாவைக் கூப்பிடு. நான் வெளியே போய் நின்றுகொள்கிறேன். எண்ணெய் கொடுத்தது அம்மா தப்பு, உன் மேல தப்பே இல்ல என்று உன் வாயால் சொல். அழுகை வந்தால் அழுதுகொண்டே சொல், பரவாயில்லை. அப்பாவோடயே இரு, திருச்சிக்குப் போகாதே என்றும் சொல். நான் நூறு தடவை சொன்னாலும் அவளுக்கு ஏறாது. நீ ஒரு தடவை சொன்னால் போதும். மூன்று மாதம், ஒருநாள் விடாமல், யாருக்கும் தெரியாமல் உன் பேச்சைக் கேட்ட பிள்ளை அவள். இதையும் கேட்பாள்.

ஆண்டவர் உன்னைக் காப்பாற்றட்டும். உன் போனை எதிர்பார்த்து,

வளன்