சோழவரத்தில் ஓடிய வண்டி

12 ஜூன் 2006

இதை யார் எடுத்துப் படித்தாலும் உங்கள் காலைத் தொட்டுக் கேட்கிறேன், ஒருவரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக எங்கள் அப்பாவிடம். எல்லோரும் படுத்த பிறகுதான் எழுதுகிறேன்.

நேற்று திருமானூரில் சித்தி மகள் கல்யாணம். முடிந்ததும் அப்பாவும் அம்மாவும் பஸ் ஏறினார்கள். நான் மகேஷ் அண்ணனோடு எங்கள் காரில். பழைய அமெரிக்கக் கார். கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுகிறோம். மாப்பிள்ளை நிற்க வேண்டும் என்று அப்பா கூரையை அறுத்து எடுத்துவிட்டார். என்ஜின் மட்டும் அப்படியே இருக்கிறது.

பின்னால் ஒரு சுமோவில் மாப்பிள்ளையின் கூட்டாளிகள். "என்னங்கண்ணே, எறங்கித் தள்ளணுமா?" என்று கத்தினார்கள். அண்ணன், "பாப்பா, கெட்டியாப் புடிச்சுக்க" என்றான்.

கீழப்பழுவூரில் சுமோ திருச்சி ரோட்டில் திரும்பிவிட்டது. அண்ணன் வேகத்தைக் குறைக்கவே இல்லை. இருட்டத் தொடங்கியிருந்தது. ஒரு சைக்கிள், பால் கேன் — சத்தம். ஒருவர் வாய்க்காலில் விழுந்தார். நிறுத்துண்ணே, நிறுத்துண்ணேன்னு கத்தினேன். நிறுத்தவே இல்ல.

13 ஜூன்

முன்பக்க நம்பர் பிளேட் எங்கே என்று அப்பா கேட்டார். "ஏதாவது ஸ்பீட் பிரேக்கர்ல வுழுந்திருக்கும்பா" என்றான் அண்ணன். சொல்லும்போது என்னைப் பார்த்தான்.

15 ஜூன்

பேப்பரில் நாலு வரி. பால்காரர் சாமிக்கண்ணு, காலில் அடி. உயிர் இருக்கிறது. அடிதானே? ஆறிவிடும்தானே?

25 ஜூன்

லப்பைக்குடிக்காடு ஹபிபுல்லா பாய் போன் செய்தார். அப்பா காரை வாங்கியது அவரிடம். மெட்ராசிலிருந்து சந்தானகிருஷ்ணன் என்று ஒரு பெரியவர் காரைத் தேடி வந்தாராம். முதல் சொந்தக்காரர். மெட்ராஸ் பக்கம் சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் இரண்டிரண்டு வண்டியாக விட்டுப் போட்டி நடக்குமாம். இந்தக் காரில்தான் ஜெயித்திருக்கிறார். பிறகு ரெட்டிபாளையம் சிமெண்ட் காண்ட்ராக்டர் அய்யம்பெருமாளுக்கு விற்றார். அவர் பாய்க்கு. பாய் எங்களுக்கு. ஒருவரும் பெயர் மாற்றவில்லை. கையெழுத்துப் போட்ட வெற்றுப் பாரம்தான் கை மாறிக்கொண்டே வந்திருக்கிறது. ஆர்.சி. புக்கில் இன்றும் சந்தானகிருஷ்ணன் பெயர்தான்.

"ஸ்டேஷன்ல இருந்து அவருக்கு ஏதோ தாளு போயிருக்காம், தர்மராஜு. ரெட்டிபாளையம் போய் விசாரிச்சுட்டு என் வூட்டுக்கு வந்தாரு. ஒங்க அட்ரஸ் கொடுத்திருக்கேன்" என்றாராம் பாய் அப்பாவிடம்.

அப்பாவுக்குச் சந்தோஷம். "வரட்டும் பாய். பழைய பாரம் இனி செல்லாது, பேரு மாத்த அவருகிட்டயே புதுசா கையெழுத்து வாங்கிப்புடலாம்."

ரெட்டிபாளையம். லப்பைக்குடிக்காடு. அடுத்தது பெரம்பலூர், எங்கள் ஊர்.

26 ஜூன்

பெரியவர் தேடி வருவதை அண்ணனிடம் சொன்னேன். "வாயத் தொறந்த, அவ்வளவுதான்."

2 ஜூலை

வந்துவிட்டார். வீட்டில் நான் மட்டும் இருந்தேன். வெள்ளைச் சட்டை, கையில் குடை. தார்ப்பாயை விலக்கிப் பார்த்தார்.

"யாரும்மா இதோட தலைய வெட்டினது?"

"அப்பாதாங்க. மாப்பிள்ள நிக்கணும்ல."

சிரித்தார். பிறகு பம்பரைத் தடவிக்கொண்டே, "பேர் என்னோடது. போலீஸ் என்னைத்தான் கேக்கறாங்க. அன்னிக்கு ஓட்டினது யாரு?" என்றார்.

எனக்குத் தெரியாது என்றேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தப் பால்காரரைப் பாத்துட்டுதான் வரேன். முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க."

அதற்குப் பிறகு என்னால் முடியவில்லை. அண்ணன் பெயரைச் சொன்னேன். நானும் கூட இருந்தேன் என்பதையும் சொன்னேன்.

"இன்னிக்கே அவனா போய்ச் சொல்லிட்டா அவனுக்கு நல்லது. இல்லேன்னா நான் சொல்ல வேண்டி வரும்" என்றார். அப்பா வரும்வரை நிற்கவில்லை.

அண்ணனிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டும். சாயங்காலம் முழுக்க அவன் கூடவே சுற்றினேன், வாய் வரவில்லை. சாப்பிடும்போது என் தலையில் தட்டி, "பாப்பா கெட்டிக்காரிம்மா" என்று அம்மாவிடம் சொன்னான். எதற்கென்று அம்மாவுக்குப் புரியவில்லை. இப்போது கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருக்கிறான்.

காலையில் எழுந்ததும் சொல்லிவிடுகிறேன். நானும் ஸ்டேஷனுக்குக் கூட வருகிறேன் என்று

வாசலில் ஜீப் வந்து நிற்கிற சத்தம். கதவைத் தட்டுகிறார்கள். "பாப்பா, யாருன்னு பாரு" என்கிறான் அண்ணன். நான்