தங்கையிடம் காட்ட முடியாத கட்டி

மார்ச் 2, திங்கள்

அலைகளுக்கு எல்லை வகுத்தவரே, இந்தத் தாளில் பொய் எழுதாதபடி என் கையைக் காத்தருளும்.

எங்கள் தீவுக்கு ஒரு செவிலியர் வேண்டுமென்று பத்தாண்டுகளாகச் சபையை முழங்காலிட வைத்து மன்றாடிய போதகன் நான். விண்ணப்பம் கேட்கப்பட்டது. தலைநகரிலிருந்து மாற்றலாகி வந்து இறங்கியவள் என் உடன்பிறந்த தங்கை, மெலெனைத்தே என்னும் பெயருடையாள். சபையார் துதித்தார்கள். நானும் துதித்தேன், சற்றுத் தணிந்த குரலில்.

மார்ச் 5

தொடையின் உட்புறத்தில், எழுதவும் கூசும் இடத்தில், ஒரு கட்டி. சர்க்கரை நோயாளி காத்திருக்கலாகாது, அறிவேன். ஆயினும் டோங்காவில் எந்த ஆண்மகன் தங்கையின் முன் தன் உடலைப் பற்றி வாய் திறப்பான்? அவள் இருக்கும் அறையில் நான் கால் நீட்டி அமர்ந்ததுகூட இல்லை.

மார்ச் 8, ஞாயிறு

நோயை மறைப்பவன் படைத்தவரையே ஏமாற்றப் பார்க்கிறான் என்று பிரசங்கித்தேன். ஆராதனை முடியும்வரை நான் உட்காரவில்லை. என் பக்தி வைராக்கியத்தை மூவர் மெச்சினார்கள்.

வீட்டில் என் மனைவி லவினியா பிடித்துக்கொண்டாள். "ஊருக்கெல்லாம் உபதேசம். உங்க தொடை மட்டும் வேற சபையா?"

"அவ என் தங்கச்சிடி."

"உங்களுக்குத்தான் தங்கச்சி. கட்டிக்கு இல்ல."

மார்ச் 10

காய்ச்சல். வெந்நீர் ஒத்தடம், இலைச்சாறு, ஜெபம் — மூன்றும் ஆயிற்று. பெரிய தீவின் ஆஸ்பத்திரிக்குப் படகேறலாம்தான். இங்கே தங்கை இருக்க அங்கே போனால், அவள் கையை நானே பழித்ததாகாதா? இதற்குப் பெயர் மரியாதையா, பயமா?

மார்ச் 11

நடுக்கம். எழுத்து கோணுது. லவினியா அழறா. செத்துட்டா மரியாதை யாருக்கு?

மார்ச் 12

மெலெனைத்தே வேலிக்கு வெளியே வந்து நின்றாள்.

"என்ன வியாதின்னு நான் கேக்கல, அண்ணி, கேக்கவும் மாட்டேன். மத்தியானப் படகுல அண்ணன் ஏறணும். பெரிய ஆஸ்பத்திரிக்குச் சொல்லிட்டேன். கூடப்பிறந்தவ உத்தரவுன்னு சொல்லுங்க."

எங்கள் குலமுறையில் தங்கையானாலும் அவளே மேல். அவள் சொல்லைத் தட்டும் அண்ணன் கிடையாது. எந்த மரபின் பின்னே ஒளிந்திருந்தேனோ, அதுவே என் காதைப் பிடித்து வெளியே இழுத்தது.

தங்கையிடம் யார் சொன்னது என்று லவினியாவைக் கேட்டேன். அவள் பை கட்டுவதில் மும்முரமாயிருந்தாள்.

மார்ச் 14, ஆஸ்பத்திரி

கீறி எடுத்துவிட்டார்கள். "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா பெட்டியிலதான் ஊர் திரும்பியிருப்பீங்க, ஐயா" என்றார் இளம் மருத்துவர். பணிவான பிள்ளை.

மார்ச் 21, சனி

வீடு திரும்பினேன். தினமும் கட்டு மாற்ற வேண்டுமாம். மெலெனைத்தே ஒரு சீமைப்பலாக்காயைக் குடைந்து, அதில் துணித்திரி திணித்து, சமையற்கொட்டகையில் லவினியாவுக்குப் பாடம் நடத்தினாள். யாருடைய புண் என்று ஒருமுறையும் வாய்விடவில்லை. நான் சுவருக்கு இப்பால் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இந்தக் காய்க்கு இனிப்பு ஆகாது, அண்ணி" என்று குரலை உயர்த்தினாள். "ஒளிச்சு வெச்சுத் தின்னா எனக்குத் தெரிஞ்சுடும்."

"சரி" என்றேன், காயின் சார்பில், சுவரைப் பார்த்து.

இதை வாசிப்பவர் எவராயினும், உம்மை அதட்ட ஒருத்தி உம் வீட்டில் என்றும் இருப்பாளாக. உம் குடும்பம் குறைவின்றி வாழ்வதாக.