இருபத்தேழு வயர்களும் எங்கள் சொந்தக்காரரும்

திங்கள், 24 யூலை 2006
வெயில் 34.

அறிவித்தல்: பழைய கார்ச் சந்தையைப் பிறப்பிடமாகவும் ஜெர்மனி பீலெஃபெல்டை வதிவிடமாகவும் கொண்ட, குகன் அண்ணாவின் சிவப்புக் கார் மோட்டர் இன்று காலமானது. உற்றார், உறவினர், ஒயில் விற்பவர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்.

அண்ணா சிரிக்கவில்லை. அடுத்த வாரம் செவ்வாய் அவனுக்கு பேக்கரியில் அவுஸ்பில்டுங், தொழிற்பயிற்சி, தொடக்கம். பக்கத்து ஊர். காலை மூன்றரைக்கு அங்கே நிற்க வேண்டும், அந்நேரம் பஸ் இல்லை. கார் இல்லாவிட்டால் அந்த இடமும் இல்லை.

செவ்வாய்
கீழ்வீட்டு ரவி அண்ணை, கராஜ்காரர், மோதிய காரொன்றின் மோட்டர் வைத்திருக்கிறார். பெரியது! சிக்கல்: அதன் கொம்பியூட்டர் தன் பழைய கார்த் திறப்பைப் போட்டால்தான் இயங்கும். திறப்பு தொலைந்துவிட்டது. ஆகவே அந்தக் கொம்பியூட்டருக்குப் பதில் தனியாக விற்கும் பெட்டி ஒன்று. எப்போது பெட்ரோல், எப்போது தீப்பொறி என்று இனி அதுதான் சொல்லும். மோட்டருக்குப் புது மூளை.

அம்மா: "உனக்கும் ஒண்டு கிடைக்குமோ எண்டு கேள்."

புதன்
ரவி அண்ணைக்குச் சனி மட்டும்தான் நேரம். ஞாயிறு இந்த நாட்டில் சத்தம் போடக்கூடாது, சட்டம். திங்கள் கார்ப் பரிசோதனைக்கு டெர்மின், நேரம் குறித்தாயிற்று. எங்கள் வேலை: பழைய கொம்பியூட்டரிலிருந்து வயர்களை வெட்டி, எது எதுவென்று பெயர் ஒட்டுவது; அதைப் பார்த்துத்தான் அவர் புதுப் பெட்டியில் பூட்டுவார்.

ரவி அண்ணை: "வடிவா எழுதுங்கோடா. வெட்டினாப் பிறகு எல்லாம் ஒரே கறுப்பு."

அவர் தந்த வயர்ப் படம் அண்ணாவுக்கு விளங்காது. எனக்குத் தண்ணீர் பட்ட பாடு.

வியாழன்
இருபத்தேழு வயர். அண்ணா வெட்ட, நான் ஒட்ட. வெறும் பெயர் அலுப்பு. ஆகவே:
தண்ணீர்ச் சூடு – பெரியம்மா (உடனே கொதிப்பார்)
காற்று – லண்டன் மாமா (வாய் முழுக்க அதுதான்)
பெட்ரோல் ஊசி நாலு – சித்தியின் பிள்ளைகள் (குடித்துக்கொண்டே இருப்பார்கள்)
மிச்சப் பேர் யார் எந்த வயர் என்பது என் மண்டையில்.

"டேய், ரவி அண்ணைக்கு இது விளங்குமோ?"
"நான் நிக்கிறன்தானே!"

வெள்ளி
மழை. ரவி அண்ணை எட்டிப் பார்த்தார். ஒரு வயரைத் தூக்கினார்.

"இதார் கனடாச் சித்தப்பா?"
"அது... மோட்டர் சுத்துற வேகம், அண்ணை."
"அப்ப பாரிஸ் மாமி?"
"அதுவும் சுத்துறதுதான். வேறை சுத்து."
"தம்பி, மாறிக் குடுத்தா பெட்டி எரிஞ்சுபோம். விளங்குதோ?"
"ஓம் அண்ணை. எல்லாம் பாடம்."

பிறகு குசினியில் அண்ணாவின் குரல்: "அவன் இல்லாட்டி என்னாலை ஏலாதம்மா."

காலை ஆறுக்கு அலாரம் வைத்தேன். ஏன் என்று தெரியவில்லை.

சனி, காலை 7
எட்டு மணிக்கு ரவி அண்ணை வருவார். ஆறிலிருந்து வயர்களோடு இருக்கிறேன். சுவிஸ் அத்தான் யார்? நோர்வேக்காரர் மூன்று பேர், அவர்கள் யார்? கனடாச் சித்தப்பா வேகம் இல்லை, நேற்று அள்ளிவிட்டது. மீட்டர் வைத்து ஒவ்வொன்றாகத் தேடலாம். ஒரு நாள் பிடிக்கும். ரவி அண்ணையிடம் இருக்கிற ஒரே நாளும் இன்றுதான்.

7.20
அண்ணா தேத்தண்ணி கொண்டுவந்தான். புது பேக்கரித் தொப்பியைப் போட்டுப் பார்த்தபடி. "எல்லாம் சரிதானே?"

சொல்லிவிட்டேன். "இல்லை அண்ணா. படம் எனக்குப் பாதிதான் விளங்கினது. விளங்காத வயருக்கெல்லாம் வாயிலை வந்த சொந்தக்காரரை ஒட்டிப்போட்டன்."