முன்னோர் தலையில் விழுந்த பழி

அன்புள்ள ஜுன்-காய்க்கு,

இங்கே நானும் உன் தங்கையும் நலம், அப்பா இருமலோடு நலம். வான்கூவரில் நல்ல காற்றைச் சுவாசிக்கிற உன் சுகத்தில் எனக்குச் சந்தேகமில்லை. போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

உன் தங்கை பெய்-ஷான், பள்ளியில் நடக்கும் அறிவியல் கண்காட்சிக்காக ஊரெங்கும் மொட்டைமாடிகளில் வெள்ளைத் துணி கட்டினாள். எந்தத் துணி எவ்வளவு கறுக்கிறது, அந்த வீட்டில் யாருக்கு இருமல் என்று படியேறிப் படியேறிக் கேட்டாள். ஏழாம் மாதம் செத்தவர்களுக்காக வாசலில் தாள்பணம் எரிப்போமே, அந்தப் புகை கலக்கக் கூடாதென்று அந்த மாதம் கழிந்த பிறகுதான் தொடங்கினாள். மாதப் பிறப்பிலும் பௌர்ணமியிலும்கூட, ஊர் எரிக்கும் முன்பே துணிகளை அவிழ்த்து உள்ளே வைத்தாள். ஆலைப் புகைபோக்கியை நெருங்க நெருங்கத் துணியும் கறுத்தது, இருமலும் கூடியது. உடனே தலைமையாசிரியர் லோ என்னைக் கூப்பிட்டனுப்பினார். ஆலைக்காரர்கள் கட்டிக்கொடுத்த அறையில், அவர்கள் கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "பொண்ணு கெட்டிக்காரிதாங்க. தலைப்ப மட்டும் தாள்பணம் எரிக்கிறதால வர்ற மாசுன்னு மாத்திக்கட்டும், முதல் பரிசு அவளுக்குத்தான்" என்று பல்லிளித்தார். அவர் ஊற்றிய தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். உன் தாத்தா அந்த ஆலைப் புகையில் இருமி இருமியே போய்ச் சேர்ந்தார். இப்போது அவருக்கு நாம் எரிக்கிற தாளால் அந்தப் புகைக்கும் அவரே காரணமாம், செத்த பிறகும் மனுஷனை விடமாட்டார்கள் போலிருக்கிறது.

லோவைக்கூடத் துப்பிவிட்டுப் போய்விடலாம், சம்பளம் வாங்குகிற வாய். நேற்று உன் தங்கை கைப்பேசியை என் முன்னால் நீட்டினாள். "ஏய் கழுத, தலைப்புதானே, மாத்திட்டுப் பரிச வாங்கு, காலேஜுக்கு உதவும்" என்று நீ அனுப்பியிருக்கிறாய். லோ பரிசு ஆசை காட்டியும் மசியாதவள், "அண்ணனே சொல்றான்மா, மாத்திடறேன்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். பெயர் கொடுக்க அடுத்த மாதம் வரை நேரமிருக்கிறது. நான் சொன்னால் அம்மாவுக்கு என்ன தெரியும் என்பாள். உன் பேச்சைத்தான் கேட்பாள், அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

குளிரில் காதை மூடிக்கொள், வேளைக்குச் சாப்பிடு. முன்னோர்கள் உன்னைக் காக்கட்டும், இத்தனை பழி விழுந்த பிறகும் அவர்கள் காப்பார்கள். இதோடு அனுப்பும் பொட்டலத்தில் உனக்குப் பிடித்த காய்ந்த சிப்பி இருக்கிறது. அடியில் இருப்பது நம் வீட்டு மாடியில் கட்டிய துணி, துவைத்துவிடாதே. அதை எடுத்து உன் முகத்தை நன்றாகத் துடைத்துக்கொண்டு கண்ணாடியில் பார். அதன்பிறகும் வாய் வந்தால், தங்கைக்குப் போன் போட்டு அதையே இன்னொரு தரம் சொல்.

இப்படிக்கு,
அம்மா