மருந்து ஏற்ற வேண்டாம்

இன்னுமா மருந்து? இந்த உடம்பைவிட்டு அந்த வாடை போனதே இப்போதுதானே என்று பாஞ்சாலை நினைத்துக்கொண்டாள். காலமெல்லாம் தேயிலைக்குப் பூச்சிமருந்தடித்த அவள் கணவர் சுப்பன் அன்று காலை ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். மூத்த மகன் யுவனேஸ்வரன் மெல்பனிலிருந்து வந்து முகம் பார்க்கும்வரை, இரத்தத்தை எடுத்து மருந்தேற்றி உடலைப் பதப்படுத்தி வைக்க அவள் கையெழுத்து வேண்டுமாம். அதைச் சொல்லிவிட்டு இளையவன் மகேன் பந்தலுக்குச் சொல்ல பிரிஞ்சாங் டவுனுக்குப் போயிருந்தான். அவள் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினாள்.

“மகேன், அப்பாவுக்கு வேட்டி எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போறேன். சோறு குக்கர்ல இருக்கு, சாப்பிடுய்யா. சாவி பக்கத்து வீட்டு கங்காகிட்ட. அப்பா சட்டையை எத்தனை தடவை அலசினாலும் மருந்து வாடை போகாது. படுக்கையில விழுந்த பிறகுதான் அவரோட சொந்த வாசம் எனக்குக் கிடைச்சுது. காலையிலேருந்து அது கதவுகிட்டயே நிக்குது.”

தாளை மடித்தவள், மறுபடி பிரித்து ஓரத்தில் நுணுக்கி எழுதினாள்.

“அப்பா உயிரோட இருக்கப்போ வான்னு எத்தனை தடவை அண்ணனைக் கூப்பிட்டேன். இப்போ போன்ல முகம் பார்க்கட்டும், திட்டினா என்னைத் திட்டட்டும். சவப்பெட்டிக்காரர் வந்தா தேத்தண்ணி குடு. நாளைக்கே எடுத்துடலாம். நான் கையெழுத்துப் போடமாட்டேன்யா.”