உள்ளேன், இல்லேன்

ஐந்து கல்லில் ஒன்று முளைத்திருக்கிறது.

அஞ்சாங்கல் ஆட நீ தைத்துக் கொடுத்தவைதான். உன் அம்மாவின் பழைய ரவிக்கைத் துணியில் முக்கோணமாக ஐந்து குட்டிப் பைகள். நான்கில் அரிசி; அரிசி போதாமல் ஐந்தாவதில் பச்சைப் பயறு. ஜாலான் புசார் கடைவீட்டிலிருந்து சிங்கப்பூரின் வடகோடி ஈசூனுக்கு நாங்கள் மாறி வந்தபோது ஒரு டின்னில் போட்டுச் சமையலறைச் சன்னலடியில் வைத்தேன். இந்த வார மழைச்சாரல் உள்ளே போயிருக்கிறது. அரிசிப் பைகள் புளித்து நாறுகின்றன. உன் பயறு மட்டும் தையலைப் பிரித்துக்கொண்டு, வெள்ளையாக, வகுப்பில் கை தூக்குவதுபோல நிற்கிறது.

அது எப்படித் தொடங்கியது என்று உனக்கு நினைவிருக்கும். தமிழ் வகுப்பில் சார் வருகை எடுப்பார். உன் பெயருக்கு அடுத்தது என் பெயர். நீ எழுந்து, உனக்கே கேட்காத குரலில் "உள்ளேன் ஐயா" என்றாய். நான் பின்னாலிருந்து "இல்லேன் ஐயா" என்றேன். வகுப்பே சிரித்தது. முதலில் சிரித்தவள் நீ. "ஏய், நல்லா இருக்கு லா" என்று திரும்பிப் பார்த்துச் சொன்னாய். நான்கு எழுத்தில் மூன்றை மாற்றியிருந்தேன். மிச்சமிருந்தது ஒரு 'ன்'.

அடுத்த வாரம் உன் பெயரே அதுவாகிவிட்டது. "இல்லேன், பென்சில் குடு" என்பாள் ரீத்தா, நம் மூன்றாவது ஆள். நீ கொடுப்பாய். இல்லாதவளுக்குக் கேன்டீனில் இடம் எதற்கு என்று உன் இடத்தில் என் பையை வைத்தேன். நீ தட்டை ஏந்தி நின்றபடியே மீ கோரெங் சாப்பிட்டாய். நீ பேசினால், "காத்து அடிக்குது, கதவைச் சாத்து" என்பேன். மணி அடித்ததும் ஆட்டம் முடியும். உன் கையைக் கோத்துக்கொண்டு பஸ் ஏறுவேன். அதனால் அது ஆட்டம்தான் என்று மூவரும் நம்பினோம்.

பிறகு மணி அடித்தும் முடியவில்லை. நீயும் இல்லாமல் இருப்பதில் தேறிவிட்டாய். காலடிச் சத்தமே இல்லாமல் வருவாய். எத்தனையோ முறை திரும்பி, பக்கத்தில் உன்னைப் பார்த்துத் தூக்கிவாரிப் போட்டிருக்கிறது எனக்கு.

"போதும் லா, பாவம்," என்றாள் ரீத்தா ஒருநாள்.

"பாவமா? யாரு அது, புதுசா சேர்ந்த பொண்ணா?"

அவள் சிரித்தாள். அடுத்த இல்லேன் தான் ஆகிவிடக் கூடாதே என்று சிரித்தாள். எனக்கு அது தெரியும். பிடித்தும் இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை பஸ் நிறுத்தத்தில் என் சட்டைக் கையைப் பிடித்தாய். "தலை ரொம்ப வலிக்குது. வெளிச்சம் கண்ணைக் குத்துது. வீடு வரைக்கும் என்கூட வாயேன்." உன் விரல் சுட்டது.

நான் ரீத்தாவிடம், "இன்னிக்குக் காத்து சூடா இருக்குல்ல?" என்றேன். நீ ஏறிய பஸ்ஸில் நாங்கள் ஏறவில்லை.

புதன்கிழமை மருத்துவமனையில் இறந்துபோனாய். மூளைக்காய்ச்சல் என்றார்கள். உன் அம்மா என்னிடம்தான் கேட்டார்: "தலை வலிக்குதுன்னு உங்கிட்ட ஒண்ணும் சொல்லலையாம்மா?"

"இல்ல ஆன்ட்டி."

அவர் என் தலையைத் தடவிக் கொடுத்தார்.

அடுத்த திங்கட்கிழமை சார் பழக்கத்தில் உன் பெயரைக் கூப்பிட்டுவிட்டார். "இல்லேன் ஐயா" என்று கேட்டது, மிகச் சின்னக் குரலில். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் உதடு அசைந்ததா என்று எனக்கே தெரியவில்லை. ரீத்தா மாதா மேல் சத்தியம் செய்தாள்: "நீ சொல்லல. உனக்குப் பின்னாலேர்ந்து வந்துச்சு."

எனக்குப் பின்னால் சுவர்.

உன் பெயரைச் சார் அடித்துவிட்டார். ஆனாலும் உன் முறைக்குக் காத்திருந்துவிட்டுத்தான் என் வாய் திறக்கிறது. "என்னம்மா, இருக்கியா இல்லையா?" என்று கேட்கிறார். வகுப்பு சிரிக்கிறது. நான் சிரிப்பதில்லை.

இதை ஜாலான் புசாருக்குப் போகும் பஸ்ஸில் எழுதுகிறேன். மடியில் டின். முளை ஒவ்வொரு குலுக்கலுக்கும் தலையாட்டுகிறது. உன் அம்மா இன்னும் அங்கே அதே வீட்டில்தான் இருக்கிறார். கதவைத் திறந்ததும் சொல்ல இரண்டு வார்த்தை வைத்திருக்கிறேன். எத்தனையோ மாதமாக வைத்திருக்கிறேன்.

"சொன்னா, ஆன்ட்டி."

ஓர் எழுத்தையும் மாற்றாமல்.