நாற்பதுக்கு நான்கு

மார்ச் 3

வக்கீலைப் பார்த்துவிட்டு வந்தோம். எனக்கு நடுக்குவாதம் வந்து பதினான்கு மாதம் ஆகிறது; தினமும் என்னைத் தூக்கி நிறுத்துவது மனைவி. சம்பளத்துக்கு ஆள் வைத்தால் நான்கு வருடத்தில் வீடு கரைந்துவிடும் என்று வக்கீல் கணக்குப் போட்டுக் காட்டினார். நான் ஐந்து வருடமாவது இருப்பேன் என்றேன். “அதான் சார் பிரச்சினையே” என்றார். வெளிப்படையான மனிதர்.

உயில் எழுதியாயிற்று. எனக்கு நினைவு தவறினால் முடிவெடுக்கும் அதிகாரம் மனைவிக்கு என்று இன்னொரு பத்திரம். நினைவு இருக்கும்போது அது யாரிடம் இருந்தது என்று அவள் கேட்கவில்லை. பெருந்தன்மை.

மிச்சமிருப்பது நகராட்சி உதவி. வீட்டுக்கு வந்து பார்த்து மதிப்பெண் போடுவார்கள். நாற்பதுக்கு இருபது எடுத்தால் பகலில் ஓர் உதவியாள், இலவசம். நம்மால் எதைச் செய்ய முடியவில்லையோ அதற்குத்தான் மதிப்பெண். “மோசமான நாள்ல எப்படி இருப்பீங்களோ அப்படியே இருங்க சார்” என்று வக்கீல் இரண்டு முறை சொன்னார்.

மார்ச் 9

நாளை மறுநாள் ஆய்வு. மனைவி திரைச்சீலைகளைத் துவைத்துவிட்டாள்.

மார்ச் 10

அலமாரிக்குப் பின்னால் துடைக்கிறாள். “அங்க யாரு பாக்கப் போறாங்க?” என்றேன்.

“நீங்க பாத்திருப்பீங்கல்ல.”

பார்த்திருப்பேன். முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூட ஆய்வாளராக இருந்தவன். முதல் நாள்தான் வெள்ளையடித்த சுவரை விரலால் தொட்டுவிட்டுத் தலைமையாசிரியரைப் பார்த்துப் புன்னகை செய்தவன். என் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று பெயர்.

மார்ச் 11

அதிகாரி ஓர் இளம்பெண். நான் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில். அரை மணி நேரம் முன்பே மாத்திரையும் போட்டாயிற்று; போட்டால் கொஞ்ச நேரம் உடம்பு சொல் கேட்கும். தனியாக எழுந்திருப்பீர்களா என்றார். எழுந்தேன். மாடிப்படி? ஏறினேன். ஏறி, மேலே நின்று கையசைத்தேன். ஏன்? யாராவது என்னைக் கேட்டார்களா?

“உங்களுக்குக் கஷ்டமா இல்லையாம்மா?” என்று மனைவியிடம் கேட்டார்.

“எனக்கென்ன கஷ்டம். டீ குடிங்க.”

அவர் வாசலைத் தாண்டியதும் நாற்காலியில் விழுந்தவன் சாயங்காலம்வரை எழவில்லை.

மார்ச் 20

கடிதம் வந்தது. நாற்பதுக்கு நான்கு.

“அந்த நாலு எதுக்காம்?” என்றாள்.

வயசுக்கு.

மார்ச் 21

போனில் வக்கீல் மதிப்பெண்ணை மறுபடி சொல்லச் சொன்னார். பிறகு, “மாடிப்படி ஏறினீங்களா?”

“ஏறினேன்.”

“ஏன் சார்?”

கையசைத்ததைச் சொல்லவில்லை. மறு ஆய்வு ஒரு முறை கேட்கலாம் என்றார். அதிலும் இப்படியே வந்தால், வீட்டை விற்று என்னை முதியோர் இல்லத்தில் சேர்க்க வேண்டியதுதான். அப்போது அவள் எங்கே இருப்பாள் என்று கேட்டேன். “அதுக்குத் தனியா யோசிக்கணும்” என்றார்.

ஏப்ரல் 1

ஒத்திகை பார்த்தோம். “இன்னும் கொஞ்சம் நல்லா விழுங்க” என்றாள். இதற்குமேல் நல்லா விழ எனக்குத் தெரியாது என்றேன். “எதைத்தான் ஒழுங்கா செஞ்சிருக்கீங்க” என்றாள். மூன்று மணி நேரம் பேச்சுவார்த்தை இல்லை. நடிப்பு கைவிடப்பட்டது.

ஏப்ரல் 8

மறு ஆய்வு. வக்கீல் கேட்டு வாங்கிய நேரம் காலை ஏழு மணி, மாத்திரைக்கு முன்னால். அதே அதிகாரி. சட்டைப் பட்டனைப் போடச் சொன்னார். நான்கு நிமிடத்தில் ஒன்று போட்டேன், தவறான துளையில். மனைவி உதவிக்கு வரக் கூடாது என்று உத்தரவு. இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

“இவர எப்பிடி எழுப்புவீங்கன்னு காட்டுங்கம்மா.”

காட்டினாள். தூக்கும்போது அவள் முகம் எப்போதும் என் தோளுக்குப் பின்னால் இருக்கும், எனக்குத் தெரியாது. அதிகாரிக்குத் தெரிந்தது.

“வலிக்குதாம்மா?”

“எனக்கென்ன...” என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள். “வலது தோளு. ஒரு வருஷமா கைய மேல தூக்க முடியல. தலை வார வரல. அதான் முடிய வெட்டிக்கிட்டேன்.”

வெட்டிக்கொண்டு வந்த அன்று, இந்த வயசுல என்ன ஸ்டைல் வேண்டிக் கெடக்குன்னு சிரிச்சவன் நான். கண்ணுக்கு எதுவும் தப்பாதாம். த்தூ.

அதிகாரி பையிலிருந்து இன்னொரு படிவத்தை எடுத்தார். பராமரிப்பவருக்கானது; அதற்கும் தனி மதிப்பெண்.

ஏப்ரல் 17

இரண்டு கடிதங்கள். எனக்குப் பதினெட்டு, மறுபடியும் தோல்வி. அவளுக்கு இருபத்தேழு. உதவியாள் அவள் பெயரில் வருகிறார். வீடு தப்பித்தது. “ரெண்டு மார்க்குல விட்டுட்டீங்களே” என்று ஆறுதல் சொன்னாள்.

ஏப்ரல் 24

உதவியாள் வந்துவிட்டார். வாட்டசாட்டமான மனிதர், என்னை ஒரு பையைத் தூக்குவதுபோலத் தூக்கினார். காலை மணி ஒன்பது. அடுத்த அறையில் குறட்டை. எனக்குப் பிறகு தூங்கி எனக்கு முன்னால் எழுபவள். நாற்பத்தாறு வருடத்தில் இந்தச் சத்தத்தை நான் கேட்டதேயில்லை. சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டாள். நல்லவேளை, சாட்சிக்கு ஆள் இருக்கிறார்.